ஆட்டம் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டிய முடிவு

பிரிட்டனின் சூதாட்ட நிறுவனங்கள் சில சேர்ந்து 2015-இல் ஓர் எச்சரிக்கை வாசகத்தைப் பரப்பத் தொடங்கின. விளையாட்டில் மகிழ்ச்சி போய்விட்டால் நிறுத்திவிடுங்கள் என்பது அதன் சாரம். தொலைக்காட்சி விளம்பரங்களின் அடியிலும் பந்தயக் கடைகளின் கண்ணாடியிலும் அது இருந்தது. மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல் மட்டும் மற்ற சொற்களைவிடப் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. ஃபிலிப் நியூவால் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இந்த வாசகத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். சூதாடும் பழக்கம் உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் வாசகத்தைக் காட்டி ஆடவிட்டார்கள். முடிவு 2022-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்தது. வாசகத்தைப் பார்த்தவர்கள் அதனால் பந்தயத்தைக் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆட்டத்தின் நடுவில் இருக்கிறவரிடம் ‘நீங்களே பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்பது, தூக்கக் கலக்கத்தில் லாரி ஓட்டுகிறவரிடமே ‘ஓட்டும் நிலையில் இருக்கிறீர்களா’ என்று கேட்பதைப் போன்றது. எந்த மூளை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அதே மூளையைத்தான் ஆட்டம் பிடித்து வைத்திருக்கிறது.

‘பொறுப்புடன் ஆடுங்கள்’ என்ற வாசகம் இன்று உலகம் முழுக்கப் பல இணையக் கேசினோக்களின் கடைசி வரியிலும் இருக்கிறது. இதற்கு ஆய்வுலகில் அடித்தளம் போட்டது 2004-இல் மூன்று அறிஞர்கள் எழுதிய ‘ரீனோ மாதிரி’ என்ற கட்டுரை. ஆட்டக்காரருக்கு வேண்டிய தகவலைக் கொடுத்துவிட வேண்டும், ஆடுவதா வேண்டாமா என்ற தேர்வு அவருடையது என்பது அதன் மையக் கருத்து. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வு எந்த நேரத்தில், எந்த நிலையில் நடக்கிறது என்பதைப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேச முடியாது. கணக்கையும் மூளையையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், பொறுப்பு என்பது எங்கே உட்கார முடியும், எங்கே முடியாது என்பது தெளிவாகும்.

முதலில் கணக்கு. ஐரோப்பிய ரவுலட் சக்கரத்தில் 37 குழிகள். 18 சிவப்பு, 18 கறுப்பு, பூஜ்யத்துக்கான ஒன்று மட்டும் பச்சை. சிவப்பில் 10 பவுண்டு வைத்து ஜெயித்தால் இன்னொரு 10 பவுண்டு கிடைக்கும். அந்த ஒற்றைப் பச்சைக் குழிதான் நிறுவனத்தின் வருமானம். வைக்கும் ஒவ்வொரு நூறு பவுண்டிலும் சராசரியாக 2 பவுண்டு 70 பென்ஸ் அங்கே தங்கிவிடும். அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யம் என்று இன்னொரு பச்சைக் குழி உண்டு. அதனால் அங்கே தங்குவது 5 பவுண்டுக்கும் மேல்.

2.7 சதவீதம் சின்னத் தொகையாகத் தெரிகிறது. சின்னதாகத் தெரிவதுதான் அதன் பலம். ஒரே அளவுத் தொகையை நூறு முறை சிவப்பில் வைத்து ஆடுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் லாபத்தோடுதான் எழுந்துபோவார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, நண்பர்களிடம் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் பொய்யில்லை. அதே ஆட்டத்தைப் பத்தாயிரம் முறை ஆடினால் லாபத்தில் இருப்பவர்கள் ஆயிரத்துக்கு மூன்று, நான்கு பேர்தான். கணிதவியலாளர் யாக்கோப் பெர்னூலியின் நூல், அவர் இறந்தபின் 1713-இல் அச்சேறியது. அதில் அவர் நிறுவிய பேரெண் விதி இதைத்தான் சொல்கிறது. முயற்சிகளின் எண்ணிக்கை கூடக்கூட முடிவுகளின் விகிதம் எதிர்பார்க்கும் சராசரியை நெருங்கிக்கொண்டே போகும். தனி ஆளுக்கு ஒரு மாலையில் நூறு சுற்று. நிறுவனத்துக்கோ ஒரே இரவில் லட்சக்கணக்கான சுற்றுகள். அதிர்ஷ்டம் என்பது ஆடுகிறவர் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இருப்பது வெறும் சராசரி. ஒழுங்காக உரிமம் பெற்று நடக்கும் கேசினோவுக்கு ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இணையக் கேசினோவில் பெரும்பாலானோர் ஆடுவது ரவுலட் அல்ல, ஸ்லாட். பழங்கள், மணிகள், ஏழு என்ற எண் எல்லாம் சுழன்று நிற்கும் அந்த ஆட்டத்தில் ‘ஆர்டிபி 96 சதவீதம்’ என்று எழுதியிருப்பார்கள். ஆடுகிறவருக்குத் திரும்பிப் போகும் விகிதம் என்று அதற்குப் பொருள். நூறு போட்டால் தொண்ணூற்றாறு திரும்பி வரும், நான்குதானே போகிறது, ஒரு காபிக் காசுகூட இல்லையே என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. அந்த 4 சதவீதம் நீங்கள் கணக்கில் போட்ட பணத்துக்கு அல்ல, ஒவ்வொரு சுற்றிலும் வைக்கும் பணயத்துக்கு.

அருகில் போய்ப் பார்ப்போம். ஒருவர் 100 பவுண்டு டெபாசிட் செய்கிறார். சுற்றுக்கு ஒரு பவுண்டு. நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்று நிதானமாகவே ஆடுகிறார் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்தில் 600 சுற்று. கையில் இருப்பது நூறுதான், ஆனால் பணயமாக வைத்தது 600. நடுவில் கிடைத்த சின்னச் சின்ன வெற்றிகள் திரும்பத் திரும்பப் பணயமாகப் போனதால்தான் இது நடக்கிறது. 600-க்கு 4 சதவீதம் என்றால் 24 பவுண்டு. மணிக்கு 24 பவுண்டு சராசரி இழப்பு. நூறு பவுண்டையும் ஒரு முறை முழுக்கச் சுழற்றினால் சராசரியாக 96 மிஞ்சும். அந்த 96-ஐ மறுபடி சுழற்றினால் 92 சொச்சம். பதினேழாவது முறை சுழற்றி முடிக்கும்போது பாதி போயிருக்கும். பணம் ஒரேயடியாகப் போவதில்லை, அரிக்கப்பட்டுப் போகிறது. வழியெல்லாம் வெற்றிகளும் வந்துகொண்டே இருப்பதால் அரிப்பது கண்ணில் படுவதில்லை.

போனஸையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ‘100 பவுண்டு இலவசம்’ என்று வரும். கீழே சின்ன எழுத்தில், அந்தத் தொகையின் 35 மடங்கைப் பணயமாக வைத்து ஆடிய பிறகே பணத்தை வெளியே எடுக்கலாம் என்ற நிபந்தனை இருக்கும். 35 மடங்கு என்றால் 3,500 பவுண்டு. அதில் 4 சதவீதம் 140. இலவசமாக வந்த நூறைக் கையில் எடுக்க, சராசரியாக 140-ஐ இழக்க வேண்டும். எந்தக் கணக்கு வாத்தியாரும் கரும்பலகையில் ஒரு நிமிடத்தில் போட்டுக் காட்டக்கூடிய கணக்கு இது. பிரிட்டனின் சூதாட்டக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மடங்கைப் பத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டியது சும்மா இல்லை.

‘தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாக வை, என்றைக்காவது ஒரு முறை ஜெயித்தே தீருவாய், விட்டதெல்லாம் வந்துவிடும்’ என்று யோசனை சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ரவுலட்டில் 10 பவுண்டில் தொடங்கி 20, 40, 80 என்று ஏறினால் ஏழு முறை தொடர்ந்து தோற்கும்போது மொத்தம் 1,270 பவுண்டு போயிருக்கும். எட்டாவது முறை 1,280 வைக்க வேண்டும், அதுவும் வெறும் 10 பவுண்டு லாபத்துக்காக. ஏழு முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம் என்று தோன்றும். ஏறத்தாழ நூறு தடவைக்கு ஒரு தடவை அது நடக்கும். அந்த நூறு தடவையில் பத்துப் பத்தாகச் சேர்த்ததையெல்லாம் அந்த ஒன்று வழித்துக்கொண்டு, மேற்கொண்டும் எடுத்துக்கொண்டு போகும்.

மாண்டி கார்லோ கேசினோவில் 1913 ஆகஸ்ட் 18 அன்று ரவுலட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த சம்பவம். கறுப்பு வர வர, இனிமேல் சிவப்புதான் என்று கூட்டம் சிவப்பில் பணத்தைக் கொட்டியது. சக்கரத்துக்கு நினைவு கிடையாது. இணைய ஸ்லாட்டுக்குச் சக்கரமே தேவையில்லை. பொத்தானைத் தொட்டதுமே சர்வரில் ஒரு நிரல் ஏதோ ஓர் எண்ணைத் தற்போக்காக எடுத்துவிடும். முடிவு அப்போதே ஆகிவிட்டது. அதன்பின் திரையில் சக்கரங்கள் சுழல்வதும், ஒவ்வொன்றாக நிற்பதும், கடைசிச் சக்கரம் தயங்கித் தயங்கி நிற்பதும் வெறும் காட்சி.

கணக்கு இவ்வளவுதான். இது தெரிந்தவர்களும் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கணக்குப் படித்தவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், மருத்துவர்கள் எல்லோரும் இதில் உண்டு. ஆகவே விஷயம் அறியாமையில் மட்டும் இல்லை.

உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் எப்போது துடிக்கின்றன என்று அளந்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. ஒரு விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று பழகிவிட்டால், சாற்றுக்குத் துடிக்காமல் விளக்குக்கே துடித்தன. வர வேண்டிய சாறு வராமல் போனால் அடங்கிப்போயின. மகிழ்ச்சியைவிட, எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டோபமின் கணக்குப் போடுகிறது என்பது 1990-களில் இப்படித் தெரியவந்தது. 2003-இல் அதே ஆய்வகம் இன்னொன்றையும் கண்டது. விளக்கு எரிந்ததற்கும் சாறு வருவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் சில செல்கள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போயின. நிச்சயம் வரும் என்றாலும், நிச்சயம் வராது என்றாலும் அந்த ஏற்றம் குறைவு. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்னும்போதுதான் அது உச்சத்தில் இருந்தது.

ஸ்லாட்டின் சக்கரங்கள் சுழலும் அந்த இரண்டு, மூன்று விநாடிகள் இந்த இடைவெளியைத்தான் மணிக்கு நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப உண்டாக்குகின்றன. எத்தனையாவது முறை கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகப் புறா சலிக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பே காட்டியிருந்தார்.

டோபமினுக்கும் சூதாட்டத்துக்கும் உள்ள உறவைத் துலக்கமாகக் காட்டியது ஆய்வகம் அல்ல, மருத்துவமனை. பார்க்கின்சன் நோய்க்கு டோபமினைப் போலச் செயல்படும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகளைக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005-இல் இத்தகைய மருந்து எடுத்துக்கொண்ட 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மருந்து ஆரம்பித்த பிறகோ, அளவு கூட்டப்பட்ட பிறகோ அவர்கள் கட்டுப்பாடில்லாமல் சூதாட ஆரம்பித்திருந்தார்கள். மருந்தை நிறுத்தியதும் அந்த வேட்கை அடங்கியது. ஒழுக்கம், வைராக்கியம், வளர்ப்பு என்று நாம் பேசுவதெல்லாம் ஒரு மாத்திரைக்கு முன்னால் எவ்வளவு மெலிந்துபோகிறது என்பதை இந்தச் சிறு கட்டுரை காட்டுகிறது. சூதாடித் தோற்றவரைப் பார்த்துத் ‘திமிர் பிடித்து அழிந்தான்’ என்று சொல்வதற்கு முன் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

இந்த மூளையை ஆட்டத்தின் வடிவமைப்பு என்ன செய்கிறது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லூக் கிளார்க்கின் ஆய்வுக் குழு 2009-இல், மயிரிழையில் தவறிப்போன சுற்றின்போது மூளையில் என்ன நடக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்த்தது. மூன்று ‘7’ வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்து, மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்கிறதே, அந்தச் சுற்று. எரிச்சலாக இருந்தது என்றுதான் ஆடியவர்கள் சொன்னார்கள். ஆனாலும் மற்றத் தோல்விகளைவிட அதற்குப் பிறகு மேலும் ஆட வேண்டும் என்ற ஆசை கூடியது. ஜெயிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் அப்போதும் இயங்கின. அது தோல்விதான், மூளையின் ஒரு பகுதி அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. 1984-இல் டெல்னஸ் என்பவர் பெற்ற காப்புரிமை, கண்ணுக்குத் தெரியும் சக்கரத்துக்குப் பின்னால் அதைவிட நீளமான ஒரு கணினிச் சக்கரத்தை வைக்க வழிசெய்தது. பெரிய பரிசின் சின்னம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எளிதில் வராது. அதன் பக்கத்துக் கட்டங்கள் அடிக்கடி வரும்படி செய்யலாம். இரும்புச் சக்கரத்துக்கு இருந்த எல்லை அத்தோடு போயிற்று.

இன்னொன்று, வெற்றி வேடம் போட்ட தோல்வி. ஸ்லாட் திரையின் இருபது பரிசுக் கோடுகளில் சேர்த்து ஒரு பவுண்டு பணயம் வைக்கிறீர்கள். ஒரு கோட்டில் 30 பென்ஸ் கிடைக்கிறது. 70 பென்ஸ் போயிற்று. ஆனால் மணி அடிக்கிறது, விளக்கு மின்னுகிறது, நாணயங்கள் கொட்டும் சத்தம் கேட்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆடுபவர்களின் தோலில் மின்கடத்தலை அளந்து பார்த்தபோது, இந்தப் போலி வெற்றிக்கும் உண்மையான வெற்றிக்கும் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரித் துலங்கியது. 2021 அக்டோபரில் இருந்து பிரிட்டனில், வைத்ததைவிடக் குறைவாகவோ அதே அளவிலோ திரும்பி வந்தால் அதைக் கொண்டாட்டமாகக் காட்டக்கூடாது. ஒரு சுற்று இரண்டரை விநாடிக்குக் குறையக்கூடாது. தானாகச் சுழன்றுகொண்டே இருக்கும் வசதியும் அதே தேதியில் போயிற்று. ‘பொறுப்புடன் ஆடுங்கள்’ என்று பத்துப் பதாகை வைப்பதைவிட, ஒலியை நிறுத்தியதும் வேகத்தைக் குறைத்ததும் பெரிய காரியம் என்பது என் கணிப்பு.

நடாஷா டவ் ஷுல் என்ற மானுடவியலாளர் லாஸ் வேகஸில் ஆண்டுக்கணக்காக ஸ்லாட் ஆடுகிறவர்களோடு பேசி 2012-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஜெயிப்பதற்காக ஆடவில்லை, தொடர்ந்து ஆடிக்கொண்டே இருப்பதற்காகத்தான் ஆடுகிறோம் என்று பலர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நேரம், உடம்பு, கடன், வீடு எல்லாம் மறைந்துபோகும் ஒரு மயக்க நிலை அது. பெரிய பரிசு விழுந்தால்கூட ஆட்டம் தடைப்படுகிறதே என்ற எரிச்சல் அவர்களுக்கு. பேராசைதான் காரணம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாத இடம் இது.

வேறொரு முனையில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த அந்த வார்த்தை: ‘விட்டதைப் பிடிக்கணும்.’ இழப்பு ஒரு பக்கம் இருக்கும்போது மனிதர்கள் நிச்சயமான சிறு நட்டத்தை ஏற்றுக்கொள்வதைவிட, எல்லாம் திரும்பி வந்துவிடக்கூடிய பெரிய அபாயத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். ஆயிரம் போன நிலையில் எழுந்துபோவது, அந்த ஆயிரம் போய்விட்டது என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம். அதனால்தான் யாரும் எழுந்துபோவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் சூதாட்டத்தை மது, போதைப்பொருள்களோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. அதில் சொல்லப்படும் ஒன்பது அறிகுறிகளில் நான்கு இருந்தால் நோய். மறுநாள் வந்து விட்டதைப் பிடிக்க ஆடுவதும், எவ்வளவு போனது என்று பொய் சொல்வதும், கடனை அடைக்க மற்றவர் கையை எதிர்பார்ப்பதும் அந்த ஒன்பதில் அடக்கம்.

சூதாட்ட நோய்க்கு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் முதல் ஏற்பாட்டை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்தவர் ராபர்ட் கஸ்டர். நோயின் போக்கை அவர் மூன்று கட்டமாகப் பிரித்தார்: ஜெயிக்கும் கட்டம், தோற்கும் கட்டம், நிராதரவுக் கட்டம். தொடக்கத்தில் இருப்பது வெற்றி. திருவள்ளுவரும் சூது அதிகாரத்தின் முதல் குறளிலேயே தோல்வியைப் பற்றிப் பேசவில்லை, வெற்றியைப் பற்றித்தான் எச்சரிக்கிறார். ஒருவர் புதிதாக ஆட ஆரம்பித்து நல்ல தொகை ஜெயித்திருக்கிறார் என்றால், வீட்டார் கவலைப்பட வேண்டிய நேரம் அதுதான்.

இவ்வளவும் தெரிந்தபின், இணையக் கேசினோ சட்டப்படி நடக்கும் நாட்டில் இருக்கும் ஒருவர் பொறுப்போடு ஆட வேண்டுமென்றால் என்ன செய்யலாம்? விடை எல்லாமே ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறது. தலை தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவு, தலை தெளிவாக இல்லாதபோது மாற்ற முடியாதபடி பூட்டப்பட வேண்டும்.

பிரிட்டனில் கணக்குத் தொடங்கும்போதே டெபாசிட் வரம்பு வைக்கலாம். அந்த வரம்பைக் குறைத்தால் உடனே நடைமுறைக்கு வரும். கூட்டினால் குறைந்தது 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வில்தான் அறிவு இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ‘இன்னும் இருநூறு போட்டால் பிடித்துவிடலாம்’ என்று தோன்றுகிற மனிதருக்கும், மறுநாள் இரவு பதினொரு மணிக்கு அதே வரம்பைப் பார்க்கும் மனிதருக்கும் நடுவில் ஒரு தூக்கம் கிடக்கிறது. 2020 ஏப்ரலில் இருந்து அங்கே கிரெடிட் கார்டில் சூதாட முடியாது; இல்லாத பணத்தைப் பணயம் வைக்கும் வாசல் மூடப்பட்டது. சில வங்கிகள், சூதாட்ட நிறுவனங்களுக்குப் பணம் போகாதபடி கார்டைத் தடுக்கும் வசதியை வைத்திருக்கின்றன; மான்சோ வங்கியில் அந்தத் தடையை எடுக்க 48 மணி நேரம் ஆகும். ‘கேம்ஸ்டாப்’ என்ற ஒரே பதிவில் பெயர் கொடுத்தால், உரிமம் பெற்ற எல்லா இணையக் கேசினோக்களும் ஆறு மாதமோ, ஓராண்டோ, ஐந்தாண்டோ அவரை உள்ளே விடக்கூடாது. நடுவில் மனம் மாறினாலும் அந்தக் காலம் முடியும்வரை திரும்ப முடியாது.

தொகையைப் பொறுத்தவரை நியாயமான கேள்வி ஒன்றே ஒன்று. இந்தப் பணம் முழுதும் போய்விட்டது என்று இப்போதே எழுதிவைத்துவிட்டால் வீட்டில் ஏதாவது நிற்குமா? வாடகை, மருந்து, பள்ளிக் கட்டணம் எதுவும் நிற்காது என்றால் அது பொழுதுபோக்குச் செலவு. நிற்கும் என்றால் அங்கே வரம்பு வைத்துப் பயனில்லை, ஆடாமல் இருப்பதுதான் வரம்பு. ஜெயித்த பணத்தை உடனே வங்கிக்கு மாற்றிவிட வேண்டும். குடித்திருக்கும்போதும், சண்டை போட்டுவிட்டு வந்தபோதும், தூக்கம் வராத நடுஇரவிலும் ஆடக்கூடாது. சம்பாதிக்கும் வழியாக ஒரு நாளும் அதை நினைக்கக்கூடாது. மேலே போட்ட கணக்கு யாருக்கும் விதிவிலக்குத் தருவதில்லை.

ஆனால் பாரம் முழுவதையும் ஆடுகிறவர் தலையில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டன் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று 2020-இல் தந்த அறிக்கையின்படி, அந்தத் துறையின் லாபத்தில் 60 சதவீதம், ஏற்கெனவே சூதாட்டப் பிரச்சினையிலோ அதன் விளிம்பிலோ இருக்கும் 5 சதவீதம் பேரிடமிருந்து வருகிறது. அந்த 5 சதவீதம் பேரும் நாளையே பொறுப்போடு ஆட ஆரம்பித்தால் லாபத்தில் பாதிக்கு மேல் ஆட்டம் காணும் ஒரு தொழில், பொறுப்போடு ஆடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறது. 2024-இல் லான்செட் ஆணையம் ஒன்றின் மதிப்பீடு இதைவிடக் கலங்கவைக்கிறது. இணையக் கேசினோவோ ஸ்லாட்டோ ஆடும் வயதுவந்தோரில் 15.8 சதவீதம் பேருக்கும், பதின்வயதினரில் 26.4 சதவீதம் பேருக்கும் சூதாட்டக் கோளாறு ஏற்படக்கூடும். வயதுவந்தோரில் ஆறு பேர் ஆடினால் ஏறக்குறைய ஒருவர். வேறு எந்தப் பொருளாவது இந்த விகிதத்தில் நோயாளிகளை உண்டாக்கினால் அதைக் கடையில் வைத்திருக்க விடுவோமா?

நார்வே வேறு வழியில் போனது. தெருமுனைக் கடையெல்லாம் ஸ்லாட் இயந்திரம் நின்ற நாடு அது. 2006-இல் அவற்றில் நோட்டுப் போடும் வாயை அடைத்தார்கள். 2007 ஜூலையில் இயந்திரங்களையே எடுத்துவிட்டார்கள். பிறகு அரசு நிறுவனமான நோர்ஸ்க் டிப்பிங் புதிய இயந்திரங்களைக் கொண்டுவந்தபோது, தனி அட்டை இல்லாமல், இழப்பு வரம்பு இல்லாமல் யாரும் ஆட முடியாது என்று வைத்தது. அதே நிறுவனத்தில் நடந்த ஓர் ஆய்வு என் மனதில் நிற்கிறது. அதிகம் இழந்த வாடிக்கையாளர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தொலைபேசியில் அழைத்து ‘இந்த ஆண்டு இவ்வளவு இழந்திருக்கிறீர்கள்’ என்று பரிவோடு சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதையே கடிதமாக அனுப்பினார்கள். மூன்றாவது பிரிவினருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த 12 வாரங்களில் அழைப்பு வந்தவர்களின் இழப்பு (பணயத்தை வைத்துக் கணக்கிட்டது) 29 சதவீதமும், கடிதம் வந்தவர்களுடையது 15 சதவீதமும், மற்றவர்களுடையது 3 சதவீதமும் குறைந்தன. திட்டவில்லை, தடுக்கவில்லை. தொகையைச் சொன்னார்கள், ஒரு மனிதக் குரலில்.

நம் ஊர் நிலைமை வேறு. ஆன்லைன் ரம்மியால் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்த பிறகு, 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு அமைத்த குழு தடையைப் பரிந்துரைத்தது. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது சட்டமானது. ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று அந்த ஆண்டே சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது. அதன்பின் 2025-இல் வந்த தமிழக விதிகள், ஆதார் சரிபார்ப்பையும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆட முடியாத நேரத்தையும் கொண்டுவந்தன. நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. அந்த ஐந்து மணி நேரம் அறிவியலுக்கு இசைந்த விதி. வீடு தூங்கி, உறுதி தளர்ந்து, கேட்க ஆளில்லாத நேரம் அதுதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையுமே தடை செய்தது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, விளம்பரம் செய்கிறவருக்கு இரண்டாண்டு வரை. ஆடுகிறவரை அது குற்றவாளியாகப் பார்க்கவில்லை.

ஆகவே இங்கே ஒருவர் கைபேசியில் இன்று ஒரு கேசினோ திறக்கிறது என்றால், அது வெளிநாட்டிலிருந்து சட்டத்துக்கு வெளியே நடப்பது. மேலே சொன்ன டெபாசிட் வரம்பு, காத்திருப்பு, பெயரை விலக்கிக்கொள்ளும் பதிவு எதுவும் அங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. சக்கரம் நேர்மையாகச் சுற்றுகிறதா என்று சோதிப்பார் இல்லை, ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் கேட்பார் இல்லை. அங்கே பொறுப்போடு ஆடுவது என்று ஒரு முறை கிடையாது.

வீட்டில் ஒருவர் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் முதலில் செய்ய வேண்டியது திட்டுவது அல்ல. ஆறு மாத வங்கி அறிக்கையை எடுத்து, உள்ளே போன தொகையையும் வெளியே வந்த தொகையையும் தனித்தனியாகக் கூட்டி, அவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஜெயித்த நாட்களை மட்டுமே நினைவில் வைத்திருப்பவர், மொத்தத்தைப் பெரும்பாலும் முதல் முறையாக அப்போதுதான் பார்ப்பார். யூபிஐ வரம்பைக் குறைக்கலாம். சம்பளக் கணக்கைக் கொஞ்ச காலம் மனைவியோ அண்ணனோ பார்த்துக்கொள்ளலாம், அவர் சம்மதத்தோடு. கடனை மொத்தமாக அடைத்துவிட்டு ‘இனி ஆடாதே’ என்று சத்தியம் வாங்குவது பெரும்பாலும் நிற்பதில்லை. கடன் தீர்ந்த கை மறுபடி விட்டதைப் பிடிக்கத்தான் போகும். பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கடன்காரருக்கு நேராக, தவணையில் அடைப்பது நல்லது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சை பலருக்குப் பயன் தருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவர் வாய்விட்டுச் சொன்னால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி-மானஸ் எண் 14416 இரவு பகல் எந்நேரமும் எடுக்கப்படும், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். ஆடியவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, வீட்டில் இருப்பவரும் அழைக்கலாம்.